மாமா கொடுக்காமல் வைத்திருந்தது

1. மாமா கொழும்புக்குப் போனார்.
2. போகும்போது திசைகாட்டிப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்.
3. அதை நான் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.
4. மாமா திரும்பி வந்தார்.

நடந்தது இவ்வளவுதான். மூன்றாவதற்கு மட்டும் விளக்கம் தேவை. அப்போது எனக்கு எட்டு வயது.

மாமா என் உம்மாவின் தம்பி. தோணி விட்டுப் பிழைத்த குடும்பத்தின் ஒரே ஆண் வாரிசு. நன்னா, அதாவது அவர்களுடைய வாப்பா, கடற்பயணத்தில் மவுத்தானபோது மூன்று தோணிகளும் சங்கு வைக்கும் கிட்டங்கியும் புதுமடம் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பும் இருபது வயதில் அவர் கைக்கு வந்தன. வந்த வேகத்தில் போகவும் தொடங்கின. கிட்டங்கி பள்ளிக்கூடமானது. தோப்பு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனது. தோணிகள் ஒவ்வொன்றாக விலையாகி, உப்புத் தண்ணீர் குடித்த தெருக்களில் கிணறுகளாயின.

"இப்படியே குடுத்துக்கிட்டிரு. கடைசியில கட்டியிருக்க கைலிதான் மிஞ்சும்" என்பாள் உம்மா, சோறு போட்டுக்கொண்டே.

"அதையும் யாராச்சும் கேட்டுப்புடாம இருக்கணும் லாத்தா" என்பார் மாமா.

எதைக் கொடுத்தாலும் அவர் சொல்வது ஒரே வாசகம்: "இது ஒங்க அமானிதம். இம்புட்டு நாளா எங்கிட்ட இருந்துச்சு." வாங்குபவர் கூச்சப்படக் கூடாது என்பதற்காக அப்படிச் சொல்வார். நம்பி ஒப்படைத்த பிறர் பொருளைக் காத்து வைத்திருப்பதுதான் அமானிதம். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய சாமான், அமானிதம்.

கொழும்பில் மிச்சமிருந்த நன்னாவின் கடையையும் யாருக்கோ ஒப்படைக்க மாமா கிளம்பிய அன்று, பித்தளை மூடி போட்ட அந்தப் பெட்டியை என் மடியில் வைத்தார். "இது அமானிதம் புள்ள. பத்திரமா வச்சிரு. வாரேன்."

பெட்டியை எப்படித் திருப்பினாலும் முள் வடக்கே போய் நின்றது. அதன் வால் தெற்கே, கொழும்புப் பக்கம். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திறந்து, மாமா அந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்று உறுதி செய்துகொள்வேன்.

இருபது நாள் கழித்து, பள்ளிக்கூடம் இல்லாத ஒரு முற்பகலில் தண்டல் வந்தார். தோணியைச் செலுத்தும் தலைவரைத் தண்டல் என்போம். நன்னாவிடம் வேலை பார்த்தவர். இப்போது வேறொருவர் தோணியில் இருந்தார். உம்மா கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"மாமா இருக்காகளா?"

"கொழும்புக்குப் போயிருக்காக. என்ன வேணும்?"

"திசைகாட்டி ஒடைஞ்சு போச்சும்மா. நாளைக்குப் பாய் விரிக்கணும். எங்கனயாச்சும் வாங்கித் தருவாகளான்னு வந்தேன்."

எனக்குக் கொடுக்க மனமே இல்லை. அலமாரிக்கும் வாசலுக்கும் இரண்டு முறை நடந்தேன். ஆனால் நான் மாமாவின் மருமகள். பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினேன்.

தண்டல் பின்வாங்கினார். "இதையா? மாமாவா சொன்னாக?"

"இது ஒங்க அமானிதம். இம்புட்டு நாளா எங்ககிட்ட இருந்துச்சு."

அந்த வாசகம் அவருக்கும் பழக்கமானதுதான். பெட்டியைக் கண்களில் ஒற்றிக்கொண்டு போனார்.

மாமா வந்து, எனக்கு வாங்கிய ரப்பர் பந்தைக் கொடுத்துவிட்டு, "அமானிதம் எங்கம்மா?" என்றார்.

"தண்டல் கேட்டு வந்தாக, குடுத்துட்டேன்" என்றேன் பெருமையாக.

உம்மா கையை ஓங்கினாள். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். "விடு லாத்தா. நான் செஞ்சதத்தான புள்ளயும் செஞ்சிருக்கு."

சிரித்தார். பிறகு கடற்கரைக்குப் போய், பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை வெயிலில் நின்றார். தண்டல் போன தோணியைப் பார்க்கிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் நின்று தேடினேன். கடலில் ஒன்றுமே இல்லை.

நன்னாவைக் கடலிலேயே அடக்கம் செய்துவிட்டு, அவருடைய அந்தப் பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அதே தண்டல். கொடுப்பதற்கில்லை என்று மாமா வைத்திருந்த ஒரே பொருள் அது. மாமா சொல்லாமல் நானாகக் கொடுத்தது என்று தெரிந்ததும் தண்டல் திருப்பித் தர வந்தாராம். குடுத்தது குடுத்ததுதான் என்று மாமா அனுப்பிவிட்டாராம். உம்மா இதைச் சொன்னபோது எனக்குப் பதினேழு வயது. மாமா அப்போது உயிரோடு இல்லை.

நான் இப்போது மதுரையில் வரைபட வேலை செய்கிறேன். இருந்தவரை, என்னைப் படிக்க அனுப்பச் சொல்லி வீட்டில் சண்டை போட்டவர் மாமா. எந்தத் தாளிலும் முதலில் வடக்கைக் குறிப்பேன். பிறகு, யாரும் கேட்காவிட்டாலும், கண் தெற்கே போகும்.

பள்ளிக்கூடம் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் பிறக்கின்றன. கிணறுகளில் இரண்டில் உப்பேறிவிட்டது. திசைகாட்டி தண்டலின் மகனுடைய தோணியில் இருக்கிறது. போன மாதம் பாம்பன் கரையில் பார்த்தேன். "என்ன வேணும்?" என்றார் அவர். கேட்டால் கொடுத்துவிடுவார். ஒன்றும் வேண்டாம் என்றேன். முள் சரியாக வேலை செய்கிறது.