மசக்கைக்காரியும் நானும்

எங்கள் வீட்டில் போதும் என்று ஒருவர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால், அந்தக் கையின் மேலேயே ஒரு கரண்டி குழம்பு விழும். 1996-இல் அப்படிப் பரிமாறுகிற வீட்டுக்கு, மறுக்காமல் சாப்பிடுகிற பெண்ணாக ஜெயமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மாமியாருக்கு என்னைப் பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம். "எம் மருமக ஒண்ணையும் ஒதுக்க மாட்டா" என்று தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

நெல்லும் தென்னையும் இருந்த வீடு. வைகை அணையில் மீன் பிடிக்கிறவர்கள் காலையிலேயே கூடையோடு வாசலில் வந்து நிற்பார்கள். மாம்பழக் காலத்தில் கட்டிலுக்கடியில் வைக்கோல் பரப்பிக் காய்களைப் பழுக்க வைப்போம். முதல் பழம் பழுத்த அன்று அந்த அறைக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிடும்.

கணவர் தேனியில் ஒரு காய்கறி கமிஷன் கடையில் இருந்தார். கல்யாணமான புதிதில் சனிக்கிழமை சாயங்காலங்களில் நானும் பஸ் ஏறித் தேனிக்குப் போவேன். கடை அடைத்ததும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடைக்குப் போவோம். பெண்களுக்கென்று ஒரு மூலையைப் பலகை வைத்து மறைத்திருப்பார்கள். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, அது ஊறுவதற்குள் நான் பாதியை முடித்திருப்பேன். அவர் தன் இலையிலிருந்து ஒன்றை எடுத்து என் இலையில் வைப்பார். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்பார். இன்னொரு ஆம்லெட் வரும். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சாயங்காலங்களில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

மகள் பிறந்தாள், வருடங்கள் போயின, உடம்பு என் பேச்சைக் கேட்காமல் வளர்ந்தது. சர்க்கரை வந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. படுத்தால் மூச்சு முட்டியதால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். பட்டினி கிடந்து பார்த்தேன், நடந்து பார்த்தேன், யாரோ சொன்ன கஷாயம் குடித்துப் பார்த்தேன். குறைந்ததெல்லாம் இரண்டு மாதத்தில் வட்டியோடு திரும்பி வந்தது. மதுரையில் பார்த்த டாக்டர்தான், கோயம்புத்தூரில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்கிறார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார்.

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "வயித்துல கட்டியா, புண்ணா? நல்லா இருக்குற வயித்த எதுக்குத்தா அறுக்கணும்? கொறச்சுத் திண்டா பத்தாதா?"

"கொறச்சுத் திங்க முடிஞ்சா நான் ஏன் அத்தை அம்புட்டுத் தூரம் போறேன்?" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். கோயம்புத்தூருக்குக் கிளம்பிய அன்று கோயில் திருநீற்றைப் பூசி, பஸ் வரும்வரை கூடவே நின்றார்.

2009 பொங்கல் முடிந்ததும் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பருப்புத் தண்ணீர், மோர், வடிகட்டிய சூப்பு, இளநீர்தான் ஆகாரம். அதையும் மடக் மடக்கென்று குடிக்கக் கூடாது. சின்னக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாக, இடைவெளி விட்டுக் குடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுத்த பெண், "இனிமேல் கொஞ்ச மாசத்துக்கு வயிறு பசிக்காது, வாய்தான் கேட்கும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கப் பழகிக்குங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்கோ பிறந்ததிலிருந்து அவை இரண்டும் ஒன்றாகவே இருந்தன. எதை எங்கே பிரிப்பது என்று விளங்கவில்லை.

வயிறு என்னவோ சும்மாதான் கிடந்தது. ஆனால் அடுப்படியில் கடுகு வெடித்தால் வாயில் எச்சில் ஊறிவிடும். கண்ணை மூடினால் சோறு தெரியும், ஆவி பறக்கிற சோறு, நடுவில் குழி, அதில் குழம்பு.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். என் எதிரில் யாரும் சாப்பிடுவதில்லை. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்கள். பேச்சுக்குரல் இருக்காது, தட்டுச் சத்தம் மட்டும் வரும். கணவர் தேனியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து, வாயைக் கொப்பளித்த பிறகுதான் உள்ளே நுழைவார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முறுக்கை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவாள். என்மேல் வைத்த பிரியத்தால் செய்தார்கள். எனக்கு மட்டும் எழவு வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தது.

ஒரு நாள் காலை மீன்காரர் வந்துவிட்டுப் போனார். மசாலா தடவிய மீன் எண்ணெயில் விழுகிற சத்தம் கேட்டதும், கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே ஏற்கெனவே என் கொழுந்தன் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

அவள் சுருளிப்பட்டிப் பெண், திராட்சைத் தோட்டக்காரர் மகள். கல்யாணமாகி வந்து ஒரு வருடம் ஆகவில்லை. நான் மூத்தவள் என்பதால் என்னிடம் அவளுக்குக் கொஞ்சம் பயம். அதுவரை அவள் என்னிடம் பேசியதெல்லாம் "அரிசி எம்புட்டுப் போடணும்க்கா?" என்கிற அளவில்தான்.

"ஒங்களுக்கும் மீன் வாடை கொமட்டுதாக்கா?" என்று கேட்டாள்.

"கொமட்டல. திங்கணும் போல இருக்கு. அதான் எந்திரிச்சு வந்துட்டேன்."

அவள் மூக்கிலிருந்து முந்தானையை விலக்கினாள். "எனக்கு நேத்துல இருந்து பச்சத் தண்ணி எறங்கல. நாள் தள்ளிப்போயிருக்கு. அத்தைகிட்ட இன்னும் சொல்லல."

திங்க முடியாத ஒருத்தி, திங்கப் பிடிக்காத ஒருத்தி. ஒரே மீன் வாடை எங்கள் இருவரையும் கொல்லைக்கு விரட்டியிருந்தது. முதலில் அவள்தான் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வயிற்றில் தையல் போட்ட இடம் வலித்ததால் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதற்கப்புறம் வீடு அவள் பக்கம் திரும்பியது. மசக்கைக்காரி கேட்டதெல்லாம் வந்தது. ஆனால் எதையும் அவளால் இரண்டு வாய்க்கு மேல் தின்ன முடியவில்லை. புட்டு வேண்டும் என்பாள். மாமியார் அவித்துக் கொண்டுவந்து வைத்தால், ஒரு உருண்டையை வாயில் போட்டுவிட்டு, "நீங்க கொஞ்சம் பாருங்கக்கா" என்று கிண்ணத்தை என் பக்கம் தள்ளுவாள். எனக்கு அப்போது மசித்த ஆகாரம் தொடங்கியிருந்தது. பாலில் கரைத்து ஒரு கரண்டி சாப்பிடுவேன். கொல்லையில் இருவருக்கும் இடையில் ஒரு கிண்ணம், அதில் முக்கால்வாசி மிச்சம். "ரெண்டு பொம்பளைகளுக்கு ஆக்குறத காக்காதேன் திங்குது" என்று மாமியார் சலித்துக்கொள்வார். ஆனாலும் மறுநாள் வேறு ஏதாவது செய்வார்.

மாங்காய்க் காலம் வந்தது. அவள் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுக் கடிப்பாள். நான் ஒரு கீற்றை நாக்கில் வைத்து, சாற்றை மட்டும் விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்புவேன். அந்தப் புளிப்பு காதுவரை ஏறும். ஒரு சாப்பாடு சாப்பிட்ட நிறைவு அந்த ஒரு கீற்றில் கிடைத்தது என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. ரத்தப் பரிசோதனைக்காகத் தேனிக்குப் போன ஒரு மத்தியானம், திரும்பி வருகிற வழியில் பரோட்டா வாங்கிவிட்டேன். மசக்கைக்காரிக்கு என்று கடையில் சொன்னேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்த பொட்டலத்தின் சூடு புடவை வழியாகத் தொடையில் பட்டுக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து பிரித்ததும் அவள் வாடை தாங்காமல் ஓடிவிட்டாள். நான் நெல் மூட்டை வைத்திருக்கும் அறைக்குள் போனேன். ஒரு துண்டு மட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். மென்று தின்ன வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோனது. பழைய வேகம் கைக்குத் தானாக வந்துவிட்டது.

பாதி பரோட்டாகூட உள்ளே போகவில்லை. நெஞ்சுக்கு நடுவில் கல்லைச் செருகியது போல் அடைத்துக்கொண்டது. வேர்த்துக் கொட்டியது. வாயில் நுரை நுரையாக வந்தது, ஆனால் வாந்தி வரவில்லை. மூட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன். அவள் தேடிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்துவிட்டு, ஒரு வாளியை இழுத்துப் போட்டு என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாடையில் அவளுக்கும் ஓங்கரித்தது. ஒரே வாளியில் இருவரும் வாந்தி எடுத்தோம்.

எல்லாம் அடங்கிய பிறகு அவளே தரையைக் கழுவினாள். டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்துப் பேச வைத்தாள். இரண்டு நாள் தண்ணீர் ஆகாரத்துக்குத் திரும்பச் சொன்னார்கள். வீட்டில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள், "இனிமே திங்கணும் போல இருந்தா எங்கிட்ட சொல்லுங்கக்கா. ஒளிஞ்சுக்கிட்டுத் திங்காதீக."

"சொன்னா நீ என்ன செய்வ?"

"என்ன செய்யிறது? பேசிக்கிட்டு இருப்போம். வேற என்ன இருக்கு நம்மகிட்ட?"

அப்படித்தான் பேச ஆரம்பித்தோம். மத்தியானம் வேலை ஓய்ந்ததும், எனக்கு என்ன வேண்டும்போல் இருக்கிறதோ அதைச் சொல்வேன். எங்கே, யாரோடு, எப்படிச் சாப்பிட்டேன் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்பாள். பஸ் நிலையத்துப் பரோட்டாக் கடையை நான் விவரித்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, "மச்சான் ஒங்களையே பாத்துக்கிட்டு இருப்பாகளாக்கா?" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் அத்தனை நாளும் ஏங்கியதில் பரோட்டா எவ்வளவு, அந்தப் பார்வை எவ்வளவு என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அவளும் சொல்வாள். சுருளி அருவியில் குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே பாறையில் உட்கார்ந்து தின்ற புளிச்சோறு. அறுப்பு நாளில் தோட்டத்துக்குள்ளேயே வெயிலில் சூடேறிக் கிடக்கும் பன்னீர் திராட்சை. "கொடியில இருந்து அப்பிடியே வாயில வாங்கணும்க்கா. கழுவுனா ருசி போயிரும்." பேசி முடிக்கும்போது சில நாள் ஆசை அடங்கியிருக்கும். சில நாள் பேசப் பேச ஏறிவிடும். அப்போது இருவரும் எழுந்து வாய்க்கால்வரை நடந்துவிட்டு வருவோம்.

ஐந்தாம் மாதம் தொடங்கியதும் அவளுக்கு மசக்கை விட்டது. ஒரே வாரத்தில் பசி வந்தது, சாதாரணப் பசியும் இல்லை. காலையில் தோசை இறங்குகிற வேகத்தைப் பார்த்து, மாமியார் மகிழ்ச்சியோடு எண்ணாமல் சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். மத்தியானம் தட்டு நிறையச் சோறு, மீண்டும் சோறு. நான் அதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அவள் குழந்தைக்காகச் சாப்பிடுகிறாள் என்று தெரியாதா? இருந்தும் என்னை நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள் என்று மனசு கசந்தது. கொல்லைக்குப் போவதை நிறுத்தினேன். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அதே சமயத்தில் எனக்கும் வயிறு பசிக்கத் தொடங்கியது. பல மாதம் சும்மா இருந்தது ஒரு நாள் காலையில் கூப்பிட்டது. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பயந்து கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். உணவு முறை சொன்ன அந்தப் பெண், "புண் ஆறி உடம்பு பழைய நிலைக்கு வருதும்மா. பசிச்சா சாப்பிடுங்க. மெதுவா, அளவோட" என்றாள். பசித்தால் சாப்பிடலாம் என்ற அந்தச் சாதாரண வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருந்தேன் என்பது, போனை வைத்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவளே அறைக்கு வந்தாள், கையில் தட்டோடு.

"எந்திரிங்க. தனியாத் திண்டா எனக்கு எறங்க மாட்டேங்குது."

"நீதேன் நல்லாச் சாப்புடுறியே."

"வயித்துக்குப் போகுது. நல்லால்ல" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தாள்.

நான் என் கிண்ணத்தைக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தேன். குழைந்த சோறும் கீரையும், முள் எடுத்த ஒரு துண்டு மீனும். அவள் ஒரு தட்டை முடிக்கும்வரை நான் அந்தக் கிண்ணத்தை வைத்து நேரத்தை ஓட்ட வேண்டும். ஒரு வாயை மென்று, அவள் பேச்சைக் கேட்டு, பதில் சொல்லி, பிறகு அடுத்த வாய். கிண்ணம் காலியாவதற்கு முன்பே வயிறு போதும் என்றது. இவ்வளவு காலமும் அது அப்படிச் சொல்லிக்கொண்டிருந்திருக்குமா என்று தெரியவில்லை, நான் கேட்டதே இல்லை.

பிறகு நாங்கள் இருவரும் அடுப்படிக்குள்ளேயே உட்கார்ந்தோம். சாத்திய கதவைத் திறக்கச் சொன்னேன். முதல் நாள் யாரும் என்னை நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார்கள். கணவர் தேனியில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தும், எனக்காக ஒரு கை ரசம் சோறு போட்டுக்கொண்டார். மகள் முறுக்கைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதை நிறுத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு திரும்பி வந்தது.

வளைகாப்பு அன்று சர்க்கரைப் பொங்கல், எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று விதவிதமான சோறு. அவளுக்கு நான்தான் முதல் வளையலைப் போட்டேன். வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்கள். "ஒருத்தி ஏத்துறா, ஒருத்தி எறக்குறா" என்று ஒரு பெரியம்மா சொல்ல, பந்தலே சிரித்தது. நான் ஒவ்வொரு சோற்றிலும் ஒரு விரல் நுனி எடுத்தேன். இனிப்பைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இனிப்பு இன்றும் எனக்குக் கஷ்டம்தான்.

பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தலை நின்றதும், கொழுந்தனுக்கு வேலை தேனியில் என்பதால் அங்கேயே வீடு பார்த்துப் போனார்கள். சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. சாமான் ஏற்றிய வண்டி திரும்பியபோது மாமியார் உள்ளே போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் கிண்ணத்தோடு உட்கார்ந்தவளுக்கு ஒரு வாயும் இறங்கவில்லை. நாலைந்து நாள் அப்படியே போனது. பிறகு ஒரு நாள் சாப்பாட்டு வேளைக்குப் போன் வந்தது.

"என்னக்கா, இன்னிக்கு என்ன வச்சீக?"

"முருங்கைக்காய்ச் சாம்பார். நீ?"

"நானு இன்னும் அடுப்பே பத்த வைக்கல. ஒங்க சின்ன மக தூங்கவே விடல. நீங்க சாப்புட்டுக்கிட்டே பேசுங்க."

நான் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, முருங்கைக்காய் முற்றலா பிஞ்சா, பருப்பு வெந்ததா என்பதையெல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் பாத்திரம் உருட்டுகிற சத்தமும் குழந்தையின் சிணுங்கலும் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு குழந்தை பெரிதாக அழத் தொடங்கியது. வைத்துவிடுகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள். நான் மிச்சம் இருந்த இரண்டு வாயையும் மெதுவாகச் சாப்பிட்டு முடித்தேன்.