முள்ளைத் திருப்பியது நான்தான்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வேலையில்லாமல் சுற்றிய என்னை, பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொள்ள வாத்தியார் விட்டிருந்தார். ரேடியோவில் வரும் ஜப்பானியப் பாடத்தைத்தான் பிள்ளைகள் திருப்பிச் சொல்லுவார்கள்.

"சோறு வேணும்னா கேளு தம்பி. ரேடியோவில ஸ்டேஷன் மாத்துற முள்ளை மட்டும் தொடாதே, என் தலை போயிடும்லா!" என்பார் வாத்தியார்.

ஒரு ஞாயிறு மதியம் முள்ளைத் திருப்பி, தடைசெய்த இங்கிலீஷ் செய்தியைக் கேட்டேன். பழைய இடத்தில் வைக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் ஜப்பானிய அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்தார். வாத்தியார் பெருமையாக ரேடியோவைப் போட்டார். இங்கிலீஷ் பேசியது.

"யார் திருப்பியது?"

வாத்தியார் சன்னலோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

"நான்தான் ஐயா," என்றார்.

அவரைக் கொண்டுபோனார்கள். நான் யான் என்ற ஊருக்கு ஓடிவிட்டேன். ஒரு காது செவிடாகித் திரும்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போதெல்லாம் தவறு செய்தால், யாரும் கேட்குமுன் "நான்தான்" என்று சொல்லிவிடுகிறேன். அவரிடம் மட்டும் சொல்லவேயில்லை.