ஆடாத மேஜை

"இருபத்திரண்டு வருஷத்துல நான் போட்ட 'வரவில்லை' ஒண்ணாவது பொய்யாப் போச்சான்னு யாரையாவது கேட்டுப் பாருங்க! நான் வரலைன்னு எழுதிட்டா, அந்த ஆள் என் எதிர்லயே வந்து நின்னாலும் வரலைதான்!"

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் பயிற்சி வகுப்பில் நன்னடத்தை அலுவலர் அம்மையார் இப்படி முழங்கியபோது கைதட்டல் எழுந்தது. இரண்டாவது வாக்கியத்தை நின்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நேரமின்மை அந்தத் துறையின் பொதுச்சொத்து.

அம்மையாருக்கு அலுவலகத்தில் 'கடிகாரம்' என்று பெயர். வீட்டிலும் மகள் சாப்பிட வரத் தாமதமானால் கணவர், "சீக்கிரம் வாடி, அம்மா சிவப்புப் பேனாவை எடுத்துட்டா" என்பார். தண்டனையைச் சிறைக்கு வெளியே கழிக்க அனுமதி பெற்றவர்கள் திங்கட்கிழமைதோறும் பத்திலிருந்து பதினொரு மணிக்குள் அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று முறை தவறினால் மறுபடி உள்ளே. ஓர் அலுவலருக்கு நாற்பது பேர் என்று எங்கோ எழுதி வைத்திருந்தார்கள். அம்மையாரிடம் இருந்தது நூற்று நாற்பத்தெட்டுப் பேர். அத்தனை பேரின் கோப்பும் ஏறி உட்கார்ந்திருந்த மேஜை, ஒரு கால் குட்டையாகி, பேனாவை வைத்தாலே ஆடும். சமீபத்தில்தான் எப்படியோ ஆட்டம் நின்றிருந்தது.

அன்று அந்த மேஜைக்கு எதிரே ஒரு பெண் வந்து நின்றாள். அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்தவனின் மனைவி. மூன்றாவது 'வரவில்லை'க்காக அவனைப் பிடித்துக்கொண்டு போய் ஒன்பது நாளாகியிருந்தது. மறுநாள் விசாரணை.

"அன்னிக்கு அவர் வந்தாரும்மா. ஆபீஸ் பூட்டியிருந்துச்சாம். எழுதிக் கதவுக்கடியில தள்ளிட்டுப் போயிருக்காரு."

"எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க. எழுதுனேன், காத்துல பறந்துருச்சுன்னு."

"நாளன்னிக்கும் வேலைக்கு வரலைன்னா வேற ஆளப் போட்டுக்குவாங்களாம்மா. நான் வேற என்னத்தச் சொல்றது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அம்மையாருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்; அழுகைக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பூட்டியிருந்தது உண்மைதான். அந்தத் திங்கட்கிழமை காலையில் தலைமை அலுவலகத்தில் திடீர்க் கூட்டம். தலைப்பு: பணிச்சுமையைக் குறைப்பது எப்படி. அது மூன்று மணி நேரம் நடந்தது. கோப்புகளைச் சுமக்கப் பியூனும் கூடவே போயிருந்தார். சாவி அம்மையாரின் கைப்பையில். திரும்பியபோது மணி பன்னிரண்டே கால். வாசலில் காத்துக் கிடந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கையெழுத்தில்லாத ஒரே கட்டத்தில் பழக்கதோஷத்தில் சிவப்பு மையை ஓட்டினார். தன் நாட்குறிப்பில் தனக்கு 'பணி நிமித்தம்' என்று எழுதிக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் பணி நிமித்தம். அவன் இல்லாவிட்டால் வரவில்லை.

"அண்ணே, அந்தக் கூட்டத்துக்குப் போன திங்கக்கிழமை, கதவுக்கடியில ஏதாவது காகிதம் கெடந்துச்சா?"

"காகிதமா? இல்லீங்க மேடம்" என்றார் பியூன். "ஒரு அட்டைத்துண்டுதான் கெடந்துச்சு."

"அது எங்க?"

"நீங்கதான் அது மேல எழுதிட்டு இருக்கீங்க."

பியூன் குனிந்து மேஜையைத் தூக்கிப் பிடித்தார். குட்டைக் காலுக்கு அடியிலிருந்து, நாலாக மடித்த அட்டை வந்தது. "நல்ல கெட்டி அட்டை மேடம். நீங்ககூட அன்னிக்கு மேஜை ஆடலையேன்னு பாராட்டுனீங்க." பாராட்டியதும் உண்மை. மேஜை ஆடாததால் அவனைப் பற்றிய புகாரறிக்கையில் எழுத்து முத்து முத்தாக அமைந்திருந்தது.

அட்டையில் நீல மை: 'பத்து மணிக்கு வந்தேன். பத்தேமுக்கால் வரை நின்றேன். பதினொன்றுக்கு ஷிப்ட். லேட்டாகி வேலை போனால் அதற்கும் நீங்கள் ரிப்போர்ட் எழுத வேண்டும். உங்களுக்கு எதற்கு இரட்டை வேலை? மன்னிக்கவும்.'

அம்மையார் 'மன்னிக்கவும்' என்பதை மூன்று தரம் படித்தார். அவனுடைய முதல் இரண்டு 'வரவில்லை'களும் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றின் பக்கம் மனதைப் போகவிடாமல் போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

"இதுக்கா பதறுறீங்க? 'புதிய தகவல் கிடைத்துள்ளதால் அறிக்கை மறுபரிசீலனையில் உள்ளது'ன்னு எழுதிடுங்கம்மா. ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்க சர்வீஸ்ல கறை எதுக்கு?"

"சரிங்க சார்."

அப்படியே எழுதினார். எழுதியதை நீதிபதியின் கண்ணால் படித்துப் பார்த்தார். 'என்ன தகவல்? விளக்கம் தேவை. இரண்டு வாரம் ஒத்திவைப்பு.' இருபத்திரண்டு வருஷத்தில் இந்த நாடகத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறார்! அந்த இரண்டு வாரத்தில் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேறு ஆள் பெட்டி மடித்துக்கொண்டிருப்பான். தாளைக் கிழித்தார்.

இன்னொரு தாள் எடுத்தார். மேஜை பழையபடி ஆடியது. எழுத்து கோடு தாண்டி மேலும் கீழும் போயிற்று.

'பத்து மணிக்கு அவர் வந்திருந்தார். அன்று வராதவள் நான். அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். அவரது கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.'

பிறகு பதிவேட்டை இழுத்து, அந்தத் திங்கட்கிழமையின் சிவப்பை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். ஒப்பம் கோணிக்கொண்டது. அதையும் மேஜையின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பியூன் தயங்கி நின்றார். "மேடம், அந்த அட்டையக் குடுத்தீங்கன்னா திரும்ப வச்சிடறேன். ஆடுது பாருங்க."

"அது கோர்ட்டுக்குப் போகுதுண்ணே."

"அப்போ மேஜை?"

"ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு, அம்மையார் அட்டையைத் தான் எழுதிய தாளோடு வைத்துக் குண்டூசி குத்தினார். கெட்டி அட்டை, இரண்டு ஊசி வளைந்தது. மூன்றாவதுதான் இறங்கியது.