அண்ணன் தம்பிக்கு ஒரு ஃபயர்வால்

போன ஞாயிற்றுக்கிழமை சுருளிப்பட்டிக்குப் போய் ஒரு சுவர் கட்டிவிட்டு வந்தேன். கொத்தனார் கொலுறு பிடித்து அல்ல — கீபோர்டு பிடித்து.

என் பெரியப்பாவுக்கு இரண்டு மகன்கள். பெரியவர் அருளப்பன், சின்னவர் சேவியர். இருவருமே ஐம்பதைத் தாண்டியவர்கள், திராட்சை விவசாயிகள். சொத்துப் பிரித்தபோது வீட்டு முற்றத்தின் நடுவே நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார்கள். அதோடு பேச்சும் நின்றது. வீடு பிரிந்தது, தோட்டம் பிரிந்தது. பிரியாமல் மிச்சம் இருந்தவை இரண்டுதான். ஒன்று கிணறு. இன்னொன்று... வைஃபை.

சிக்கல் வைஃபையில்தான் வந்தது. பெரியண்ணன் போன் செய்தார்.

"ஆத்தா, நீ காலேஜ்ல கம்ப்யூட்டர் பாடந்தான நடத்துற? நான் பாட்டுக்குச் செய்தி பாத்துக்கிட்டு இருக்கேன், திடீர்னு டிவியில கரடி வந்து டான்ஸ் ஆடுது. அந்தப் பக்கத்துல இருந்து வேணும்னே அனுப்புறாய்ங்க."

யாரும் வேண்டுமென்றே அனுப்பவில்லை. சின்னவர் வீட்டுக் குழந்தை போனில் எதையோ தட்டும். ஒரே வைஃபை என்பதால் அது பெரியவர் டிவியில் ஏறிவிடும். கரடிக்குப் பாகப்பிரிவினை தெரியுமா?

"தனி கனெக்‌ஷன் வாங்கிக்கிறதுதானேண்ணே?"

"தெருவுல இருக்குற நெட் பெட்டியில எடமில்லையாம். நீ வந்து நடுவுல அடச்சு விடு."

அடைக்கலாம். நெட் வாசலில் ஒரு கம்ப்யூட்டரை உட்கார வைத்து, எது போகலாம், எது வரலாம் என்று சொல்லிவைத்தால் போதும். அதுதான் ஃபயர்வால். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், பழைய பெட்டியே ஜோராக வேலை செய்யும். அவர்களிடம் ஒன்று இருந்தது. கூட்டாக வியாபாரம் பார்த்த காலத்தில் பில் போட வாங்கிய, சாப்பாட்டு டப்பா அளவுக் குட்டிக் கம்ப்யூட்டர். ஜீரோ வாட்ஸ் பல்பு தின்கிற கரண்டுதான் தின்னும். கரண்டு போனாலும் இன்வெர்ட்டர் முனகாமல் தாங்கும்.

ஒரே ஒரு பிரச்சினை. பிரித்தபோது பெட்டி பெரியவருக்குப் போனது. மானிட்டரும் கீபோர்டும் சின்னவருக்கு.

சிரிக்காதீர்கள். கிரைண்டரை ஒருவரும் அதன் கல்லை இன்னொருவரும் எடுத்துக்கொண்ட வீடு எனக்குப் பெரியகுளத்திலேயே தெரியும்.

சர்ச்சில் பூசை முடிந்த கையோடு போய், பெட்டியில் சாஃப்ட்வேர் ஏற்ற மானிட்டர் கேட்டேன். சின்னண்ணன் அசையவில்லை.

"மானிட்டரு ஏம் பங்கு. அது இங்கனதான் இருக்கும். அவுகள வேணா பெட்டிய இங்கன கொண்டாரச் சொல்லு."

"ஏம் பெட்டி அங்கன போகாது" என்று சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

வயரோ முழ நீளம். என்ன செய்வது? மானிட்டரைச் சுவர் மேல் வைத்தோம். சின்னவர் தன் பக்கம் நின்று அது விழாமல் பிடித்துக்கொண்டார். பெரியவர் இந்தப் பக்கம் ஸ்டூலில் பெட்டியை வைத்துக் காவல் நின்றார். வெயிலில் திரை தெரியவில்லை என்று பெரியவரின் மனைவி ரோஸ்மேரி மதினி குடை பிடித்தார். எந்தக் காலேஜ் லேபிலும் எனக்கு இவ்வளவு உதவியாளர்கள் கிடைத்ததில்லை.

ஃபயர்வால் முதலில் எல்லாவற்றையும் அடைத்துவிடும். வேண்டியதை நாம்தான் ஒவ்வொரு வரியாக எழுதித் திறக்க வேண்டும். மனிதர்களுக்கும் அடைக்க நன்றாகத் தெரிகிறது... அடுத்த வரியை எழுதத்தான் மறந்துவிடுகிறோம்.

"அவென் வீட்டுக் கரடி ஏன் டிவிக்கு வரப்படாது. எழுது ஆத்தா."

"அவுக பிரிண்டரு எங்களுக்கு வேணாம். அதையும் எழுது."

கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, இருவரும் என்னிடம் சொல்கிறார்கள்.

"கெணத்துக் கேமரா?" என்று கேட்டேன். தோட்டம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. மோட்டார் வயர் திருடு போகிறது என்று கிணற்றடியில் பெரியவர் மாட்டிய கேமரா அது. படம் அவர் போனில் மட்டும்தான் வரும்.

மதினிதான் குடையைச் சாய்த்துச் சொன்னார்: "கெணறு பொதுதான? தெறந்து விடு பாப்பா."

பெரியவர் மறுக்கவில்லை. திறந்தேன். சின்னவர் போனிலும் கேமராவைச் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு கையில் மானிட்டர், மறு கையில் போன் என்று பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது.

"அண்ணே... ஓங்க புதுக் கன்னுல ஆடு மேயுது."

பழைய கொடிகளை எடுத்துவிட்டுப் பெரியவர் ஆசையாக நட்ட திராட்சைக் கன்றுகள். சின்னவர் சும்மா இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? சுவர் கட்டிய பிறகு அந்த முற்றத்தில் கேட்ட முதல் 'அண்ணே' அதுதான் என்று மதினி பிறகு சொன்னார்.

சின்னவர் மானிட்டரை என்னிடம் தள்ளிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரை எக்கித் தாண்டினார். பெரியவர் வீட்டுக் கொல்லை வழிதான் தோட்டத்துக்குக் கிட்ட. இருவரும் ஓடினார்கள். ஸ்டூலில் கிடந்த பெரியவரின் போனில் நானும் மதினியும் பார்த்தோம். இரண்டு தொந்திகள் ஆளுக்கொரு பக்கம் மறிக்கின்றன, ஆடுகள் நடுவில் புகுந்து ஓடுகின்றன. பாதிக் கன்று போயிற்று. பாதி பிழைத்தது.

திரும்பி வந்து கட்டிப்பிடித்து அழுதார்களா என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லை.

"வேலி ஓரத்துல முள்ளு வைக்கணும்ணே" என்றார் சின்னவர்.

"ம்" என்றார் பெரியவர்.

மதினி கொடுத்த மோரை நின்றபடியே குடித்துவிட்டு, தெருவைச் சுற்றித் தன் வீட்டுக்குப் போனார் சின்னவர். இந்த முறை சுவரைத் தாண்டவில்லை.

என் வீட்டில் சும்மா கிடந்ததென்று கொண்டுபோயிருந்த பழைய ரவுட்டரையும் பெட்டியில் மாட்டி, ஆளுக்கொரு வைஃபை கொடுத்து வேலையை முடித்தேன். கிளம்பும்போது பெரியவர் தனியாகக் கூப்பிட்டார். "பெட்டிக்குப் பாஸ்வேர்டு என்னத்தா? அவென் எதையாச்சும் மாத்திட்டான்னா?"

தெருமுனையில் சின்னவர் காத்திருந்தார். "பாஸ்வேர்டு சொல்லு பாப்பா. அவுக எதையாச்சும் மாத்திட்டாகன்னா?"

இருவருக்கும் கொடுத்தேன். ஆளுக்குப் பாதி.

இனி எதை மாற்றுவதென்றாலும் இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றால்தான் முடியும். மறந்துவிட்டது என்று எனக்குப் போன் செய்தால்... எனக்கும் மறந்துவிட்டது.