இரண்டு ராஜாவும் என் மனைவியும்

இன்று நைனார்பாளையத்தில் மாமியார் வீட்டுச் சாப்பாடு முடிந்ததும் போக்கர் சீட்டு ஆடினோம். பந்தயம் புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தவர் இந்த வெயிலில் சின்னசேலம் போய் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வர வேண்டும்.

என் சகலை கையில் ஒன்றுமில்லாமலே பந்தயத்தை ஏற்றி, எதிராளியைப் பயமுறுத்தியே ஜெயிப்பவர்.

எனக்கு வந்தது இரண்டு ராஜா! பயந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு, அவர் ஏற்ற ஏற்ற நானும் போட்டேன்.

தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி பின்னால் நின்று, "இன்னாங்க, ரெண்டு ராஜாவ வச்சிக்கினு இப்டி முழிச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள்.

போச்சு!

சகலை சிரித்தார். "புருசனும் பொண்டாட்டியும் பேசி வச்சிக்கினு நடிக்கிறீங்களா? நம்மகிட்டயா?" மொத்தக் கொட்டையையும் நடுவில் தள்ளினார்.

நானும் ஈடாகப் போட்டு, சீட்டைத் திருப்பிக் காட்டினேன். அவரிடம் ஒரு ஜோடிகூட இல்லை!

சகலை பைக் சாவியைத் தேடுகிறார். "நான் சொன்னதாலதான தள்னாரு, பாதி கொட்டை எனக்கு" என்கிறாள் இவள்.

நியாயமா? கல்யாணமானவர்கள் மட்டும் பதில் சொல்லவும்.