நாசர் பாயின் கையெழுத்து

பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தால் போதும், பாதிப் பேர் ஒரு வாரத்துக்கானதை ஒரே மூச்சில் போட்டு அனுப்பிவிடுவார்கள். மீதிப் பேர், "நீயே போட்டுக்க கண்ணு" என்று பிள்ளையிடமே பேனாவை நீட்டிவிடுவார்கள். பதினாறு வருட வாத்தியார் வேலையில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. அதனால்தான் அப்துல் நாசரின் கையெழுத்தைக் கண்டு அப்படி மயங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

என் பெயர் அன்புக்கரசி. காரமடையிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் வந்து, உக்கடத்தை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். போன ஜூலையில் தலைமை ஆசிரியர் சாமுவேல் சார் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பதினான்கு பேருக்கு ஒரு வரி கூட ஓடவில்லை. அவர்களுக்குச் சாயங்காலம் நாலேகாலிலிருந்து ஐந்தேகால் வரை சிறப்பு வகுப்பு என்று முடிவாகி, பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஐந்தேகாலுக்கு முடித்தால் காரமடை பஸ்ஸில் ஒற்றைக் காலில்தான் நிற்க வேண்டும்.

ஒரு மணி நேரம் போதாது என்று வீட்டுக்கும் ஒரு வேலை கொடுத்தோம். தினமும் இருபது நிமிடம் வீட்டில் யாராவது உட்கார்ந்து பிள்ளை வாசிப்பதைக் கேட்க வேண்டும். கேட்டபின் வாசிப்பு நோட்டில் தேதி, பக்கம், எத்தனை வரி வாசித்தது என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தப் பதினான்கு நோட்டுகளும் நாசர் பாய் கொடுத்தவை. பள்ளித் தெருமுனையில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறார். எடைக்கு வரும் பரீட்சை நோட்டுகளில் எழுதாத தாள்களைக் கிழித்தெடுத்து, அட்டை போட்டுப் பின் அடித்து, கட்டுக் கட்டாகப் பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுப்பார். ஒன்பது வயதில் அவருடைய அத்தாவோடு தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வீடு வீடாகப் பேப்பர் எடுக்கப் போனவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் சொந்தமாகக் கடை போட்டார். தெருவில் அவருக்கு நல்ல மரியாதை. காலையில் கடை வாசலில் நாற்காலி போட்டு, மூக்குக்கண்ணாடி மாட்டி, பேப்பரை விரித்துப் பிடித்து அவர் உட்கார்ந்திருப்பதை பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது தினமும் பார்ப்பேன்.

அவருடைய மகள் சமீரா ஏழாம் வகுப்பு. பதினான்கு பேரில் ஒருத்தி. ஜூலையில் அவளை வாசிக்கச் சொன்னபோது இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டாள். பிறகு தரையைப் பார்த்தாள். அவள் அம்மா சாஜிதா பேகத்துக்கு ஒரு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை, இரவு பத்து மணிக்குத்தான் வருவார். அதனால் அத்தாதான் கேட்க வேண்டும்.

கேட்டார். ஒரு நாள் கூடத் தவறவில்லை. மழை பெய்து தெருவே குளமாகிப்போன நாளிலும் கையெழுத்து இருந்தது, மீலாது நபி அன்றும் இருந்தது. 'அ. நாசர்' என்று சற்றே சாய்ந்த, அழுத்தமான கையெழுத்து. பக்கத்தில் எப்போதும் இருபது வரி. முழுப் பக்கம்! நான் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டித்தான் மற்ற அம்மா அப்பாக்களை வெட்கப்பட வைத்தேன். "பேப்பர் கடையில நாளெல்லாம் எடை போடுற மனுசனுக்கு நேரமிருக்குது, உங்களுக்கு இல்லீங்களா?" என்று கேட்பேன். அப்படிக் கேட்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, மறைப்பானேன்.

வகுப்பிலும் சமீரா நன்றாகத்தான் தெரிந்தாள். நான் ஒரு பக்கத்தை வாசிப்பேன், பதினான்கு பேரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். ஐந்தாறு தடவை. எல்லாரையும் தனித்தனியாக வாசிக்க விட்டால் ஐந்தேகாலுக்குள் முடியாது. சேர்ந்து சொல்லும்போது சமீராவின் குரல்தான் முதலில் வரும். அக்டோபரில், சிறப்பு வகுப்பிலிருந்து யார் யாரை விடுவிக்கலாம் என்று சார் பட்டியல் கேட்டார். திங்கட்கிழமை அவரிடம் போக வேண்டிய பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே 'தேறினாள்' என்று எழுதிவைத்துவிட்டேன். அது சாரிடம் போய்விட்டால் அப்புறம் அவளுக்குச் சாயங்கால வகுப்பும் இல்லை, நோட்டும் இல்லை. இன்னும் ஒன்றரை வருடத்தில் உயர்நிலைப் பள்ளி.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். நாசர் பாய் வெள்ளைச் சட்டை போட்டு, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் முன்னால் சமீராவை வாசிக்க வைக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. சாமுவேல் சார் வாசிப்புப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, "பதினெட்டாம் பக்கம் எடு கண்ணு" என்றார். நாங்கள் இன்னும் நடத்தாத பக்கம்.

அவள் பக்கத்தைச் சரியாக எடுத்தாள். எழுத்துகளுக்குக் கீழே விரலை வைத்தாள். கணீரென்று ஆரம்பித்தாள்: "சந்தைக்குப் போன ஆடு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது..."

நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். புத்தகத்தில் ஒரு ரயில் படம் இருந்தது. ரயிலும் பாலமும் கொடி காட்டும் ஆளும். ஆட்டைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு சொல் கூட இல்லை. ஆட்டுக் கதை பன்னிரண்டாம் பக்கம். அவள் விரல் ரயிலுக்குக் கீழே வரி வரியாக நகர்ந்தது, வாய் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனது. ஒரு இடத்தில் கூடத் தடுமாறவில்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். சாமுவேல் சார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். நாசர் பாய் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பெருசாப் பண்ணலீங்க. தெனமும் போனை அணைச்சுப்போட்டு உக்காந்து கேப்பேனுங்க, அவ்வளவுதானுங்க" என்றார்.

அன்று இரவு எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. கேட்கிறாராம்! மூன்று மாதமாகக் கேட்டவருக்குப் பிள்ளை புத்தகத்தைப் பார்க்காமல் ஒப்பிக்கிறாள் என்று தெரியாதா? மற்றவர்கள் ஏமாற்றினால் அரைகுறையாக ஏமாற்றுவார்கள், இவர் தேதி போட்டு, வரி போட்டு, முறையாக ஏமாற்றியிருக்கிறார். மறுநாள் சனிக்கிழமை, லீவு. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடையில் அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தார். தமிழ்ப் பேப்பர் ஒரு பக்கம், இங்கிலீஷ் ஒரு பக்கம். "வாங்க டீச்சர், உக்காருங்க. டீ சொல்லட்டுமுங்களா?" என்று நாற்காலியைத் துடைத்தார்.

"டீயெல்லாம் வேண்டாமுங்க பாய். இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்று பதினெட்டாம் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி ஊட்டுல இருக்குதுங்க டீச்சர்" என்றார்.

"உங்க சட்டைப் பையிலதான் இருக்குதுங்க."

சொன்ன மறு நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபோது அந்தச் சொல்லைத் திரும்ப விழுங்க முடியவில்லை. அவர் கை மெல்லப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. நல்ல வேளையாகக் கடையில் வேறு யாரும் இல்லை.

"தெரியாதுங்க" என்றார் கடைசியில். "ஒரு எழுத்தும் தெரியாதுங்க டீச்சர். நம்பரு தெரியும். இதுல கொளுகொளுன்னு இருக்கறது தமிழு, குச்சி குச்சியா இருக்கறது இங்கிலீசு. அப்படித்தான் பிரிக்கறனுங்க."

"அப்ப அந்தக் கையெழுத்து?"

"கடை போர்டு எழுத வந்த பெயின்டர் எழுதிக் குடுத்தாருங்க. ஒரு மாசம் போட்டுப் பழகுனேன். எங்க அத்தா பேங்குக்குப் போனா, 'கைநாட்டு வந்திருக்குது'ன்னு கூப்புடுவாங்க. பேர் சொல்லமாட்டாங்க. எனக்கு அது வரக்கூடாதுன்னுதானுங்க."

பஸ்ஸில் நம்பரைப் பார்த்து ஏறுவாராம். போனில் ஒவ்வொரு ஆளுக்கும் படம் வைத்திருக்கிறார். தகவல் எல்லாம் குரலிலேயே அனுப்புவார். ஃபாரம் வந்தால் சாஜிதா பேகம் நிரப்பிவைப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால், "தேதி என்னன்னு பாரப்பா, எனக்குக் கை ஈரமா இருக்குது" என்பார். காலையில் விரித்துப் பிடிக்கும் பேப்பரில் படம் மட்டும் பார்ப்பார். நாள் முழுக்க எழுத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

"நான் பொய்க் கையெழுத்துப் போடலீங்க டீச்சர்" என்று மறுபடி மறுபடி சொன்னார். "அவ வாசிக்க வாசிக்கக் கேட்டேனுங்க. நல்லாத்தான் வாசிச்சா. சத்தமாச் சொல்லு அம்மணின்னு சொல்லக்கூடச் சொன்னேனுங்க."

உண்மைதான். அவர் கேட்டார். அவள் ஒப்பித்தாள். நடுவில் புத்தகம் சும்மா விரிந்து கிடந்தது. அவளுக்கு அந்தப் பக்கங்களை மனப்பாடம் ஆகும்வரை ஓதிக் கொடுத்தது யார்? நான்தான். பஸ்ஸில் இடம் பிடிக்கிற அவசரத்தில் ஒரு பிள்ளையையும் தனியாக வாசிக்க விடாத நான். இவரைத் திட்ட வந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

"சமீராவுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. எங்கத்தா தெனமும் பேப்பர் படிப்பாங்கன்னு பெருமையாச் சொல்லிக்குவா. அவளுக்கு மட்டும் தெரியக்கூடாதுங்க டீச்சர்" என்றார். ஊரெல்லாம் மரியாதை உள்ள மனிதர், என்னிடம் கை கூப்பினார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க பாய். நோட்டை நிறுத்திரலாம். இனி நானே அவளைத் தனியா வாசிக்க வச்சுப் பாக்குறேன். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை, நான் கேட்காமலேயே சமீரா நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தேதி. பக்கம் பதினெட்டு. வரி என்ற கட்டத்தில், மூன்று மாதமாக இருபது இருபதாக இறங்கி வந்த இடத்தில், இரண்டு என்று இருந்தது. கையெழுத்துக் கட்டத்தில் கையெழுத்து இல்லை. ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

"என்ன கண்ணு இது?"

"அத்தா வச்சாங்க டீச்சர்." அவள் கண் வீங்கியிருந்தது. "எனக்கு வாசிக்கத் தெரியலன்னு அத்தாவுக்குத் தெரியும், தெரிஞ்சும் என்னைத் திட்டாம உட்டுட்டாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன் டீச்சர். நேத்து, எனக்கும் தெரியாது அம்மணின்னு அழுதுட்டாங்க. அம்மாவுக்கு லீவு. அம்மா வெரல் வச்சுக் காமிச்சாங்க. ரெண்டு வரி வந்துச்சு. மூணாவது வரல."

அவளை அங்கேயே என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அழுதேன் என்றால் நம்புவீர்களோ என்னவோ, அழுதேன். பிறகு பட்டியலை எடுத்து 'தேறினாள்' என்பதை அடித்தேன். அன்றிலிருந்து சாயங்காலம் சேர்ந்து சொல்வதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொருவராகத்தான். ஆறு மணி ஆகிவிடுகிறது. பஸ்ஸில் இப்போது நிற்கக்கூட இடம் கிடைப்பதில்லை.

அந்தத் திங்கட்கிழமை மதியம் நாசர் பாய் புது நோட்டுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். மேஜையில் வைத்த கையில் கட்டைவிரல் ஊதாவாகவே இருந்தது. வழக்கம்போல மற்ற டீச்சர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர் விரலை மடக்கி மறைக்கவில்லை.

"என்னுங்க பாய், மை போகலீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தேய்ச்சாப் போயிருமுங்க" என்றார். "இருக்கட்டுமுங்க டீச்சர். இன்னைக்கு ராத்திரியும் வைக்கோணுமில்லீங்களா."