மஞ்சள் அடித்த பெயர்

ரதிதேவி அன்ரியின் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், ஒரு காந்தத்தின் கீழ், வாக்காளர் பதிவுப் படிவம் ஒன்று மூன்று தேர்தல்களாகத் தொங்கியது. அது அவருடைய கணவர் இராசரத்தினம் அங்கிளுக்கு உரியது. அங்கிள் நியூசிலாந்துக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. பஸ் ஓட்டுகிறார். யூனியனில் இருக்கிறார், வேலைநிறுத்தம் என்றால் மழையிலும் போய் நிற்பார். ஆனால் வாக்காளராகப் பதிவு செய்ததே இல்லை. பதிவு செய்யாமல் இருப்பது இங்கே சட்டப்படி தவறு என்று சொன்னால், "ஓம், தெரியும்" என்பார். அதோடு சரி.

அன்ரி எங்கள் நகரின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். அவரைப் போன்றவர்கள் வருடக்கணக்காக நடத்திவந்த சம்பளக் கோரிக்கைகளைப் போன வருடம் பாராளுமன்றம் ஒரே சட்டத்தில் செல்லாமல் ஆக்கியது. அந்த வாரமே அன்ரி எங்கள் முற்போக்குக் கட்சியில் சேர்ந்தார். சிறிய கட்சி. பிளாக்ஹவுஸ் பே கிளையில் பதினொரு பேர். கூட்டத்துக்கு வருவது ஆறு பேர், அன்ரி றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தால் ஒன்பது பேர். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்று தெரியாமல் இருந்த நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

இந்தத் தேர்தலுக்காக அன்ரி வீடு வீடாகப் போய், பதிவு செய்யவும் வாக்களிக்கவும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தன் வீட்டிலிருந்து ஒன்று அல்ல, இரண்டு வாக்குகள் விழ வேண்டும்.

"ஊர்ல இருக்கிற கதவையெல்லாம் தட்டுறீங்க அன்ரி, உங்க வீட்டுக் கதவு மட்டும் திறக்க மாட்டேங்குதே" என்பார் ராகேஷ். அவர் சென்னைக்காரர், ஐடி வேலை, எங்கள் கிளைச் செயலாளர்.

"அந்தக் கதவுக்குப் பூட்டு உள்ளுக்கை, தம்பி. நீங்கள் வந்து திறந்து பாருங்கோவன்" என்பார் அன்ரி.

பதிவு முடிய ஒன்பது நாள் இருந்தபோது, தலைநகர் வெல்லிங்டனில் உள்ள கட்சித் தலைமையகத்திலிருந்து ஓர் அறிவுறுத்தல் வந்தது. தமிழ் வீடுகளுக்குத் தமிழ் பேசுபவர்களே போக வேண்டும். எனக்கு அது நியாயமாகப் பட்டது. என் அம்மாவும்கூட ஆங்கிலத்தில் வருபவர்களிடம் "நோ தேங்க்யூ" சொல்லிக் கதவை மூடுவார். ராகேஷ் வாக்காளர் பட்டியலை அச்சடித்துத் தந்தார். நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தமிழ்ப் பெயர்களாகப் பார்த்து மஞ்சள் ஹைலைட்டர் அடித்தேன். நல்ல வேலை செய்திருக்கிறோம் என்ற சந்தோஷத்தில் அதை எடுத்துக்கொண்டு அன்ரி வீட்டுக்குப் போனேன்.

அன்ரி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். அங்கிள் தேநீர் தந்தார். தாள்கள் மேசைமேல் இருந்தன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உதில மஞ்சள் அடிச்சது ஆர்?"

"நான்தான் அங்கிள். எல்லாம் நம்ம தமிழ் வீடுங்க."

அவர் விரல் ஒரு வரியில் நின்றது. இங்கே பட்டியலில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். அன்ரி பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைத்தான் குடும்பப் பெயராக வைத்திருந்தார். எனவே பட்டியலில் 'இராசரத்தினம்' என்பது முன்னாலும் 'ரதிதேவி' என்பது பின்னாலும் இருந்தன. பக்கத்தில் வீட்டு எண், தெருப் பெயர். எல்லாவற்றின்மேலும் என் மஞ்சள். இருபத்தாறு வருடமாக எந்தப் பட்டியலில் இருக்கக்கூடாது என்று அவர் நினைத்தாரோ, அதில் அவருடைய பெயர் எப்போதோ ஏறிவிட்டிருந்தது.

அன்ரி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். "என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ரதி, நீர் இதைப் பாத்தனீரோ?"

பிறகு அங்கிள் என்னிடம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "எண்பத்து மூண்டில நான் வெள்ளவத்தையில இருந்தனான் பிள்ளை. எங்கட லேன்ல பதினேழு வீடு. வந்தவங்கள் நாலு வீட்டுக்கு மட்டும்தான் வந்தவங்கள். கையில பேப்பர். பாத்துப் பாத்து வந்தவங்கள்."

அந்தப் பேப்பர் வாக்காளர் பட்டியல் என்று அன்ரிதான் சொன்னார், அந்தக் கலவரத்தில் கொழும்பில் தமிழர் வீடுகளை அதைப் பார்த்துத்தான் எரித்தார்கள் என்பது ஊரறிந்த கதை. ஆனால் அங்கிளின் லேனுக்கும் அவர்கள் வந்ததை அவர் தனக்கே இவ்வளவு நாளும் சொன்னதில்லை என்றார். அவர் பதிவு செய்யாததற்குக் காரணம் சோம்பல் என்றே அன்ரி நினைத்திருந்தாராம்.

என் அப்பா மதுரைக்காரர். எங்கள் வீட்டில் வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டால்தான் சண்டை வரும். அன்று மாலை ராகேஷைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பாவம்தான். ஆனா நாம வீட்டை எரிக்கவா போறோம்? அவங்க மொழியில பேசத்தானே போறோம்?"

"ஆமா."

"அப்போ லிஸ்ட் இல்லாம எப்படித் தெரியும்?"

அதுவும் சரிதான். அங்கிள் சொன்னதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று யோசித்தேன், இன்றும் யோசிக்கிறேன். பெயர் வெளியே தெரியாத ஒரு தனிப் பட்டியல் இருப்பதாக இணையத்தில் கண்டுபிடித்து அங்கிளிடம் ஓடினேன். ஆனால் அதில் சேர, தனக்கு ஆபத்து இருக்கிறது என்பதற்கு அவர் ஒரு கடிதம் காட்ட வேண்டும். அங்கிள் முதல் முறையாகச் சிரித்தார்.

"எண்பத்து மூண்டுக்கு ஆரிட்டப் போய்க் கடிதம் கேக்கிறது, பிள்ளை?"

அந்த வாரம் அன்ரி கதவு தட்டுவதை நிறுத்தவில்லை. பட்டியலைத்தான் வாங்க மறுத்தார். தெருவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை எல்லாக் கதவையும் தட்டினார். சமோவக் குடும்பம், சீனத் தாத்தா, நாய் குரைக்கும் வீடு, எதையும் விடவில்லை. பத்து வீட்டுக்கு ஒரு தமிழ் வீடு வந்தது. ராகேஷ் தலையில் கைவைத்துக்கொண்டார். அங்கிள் காரில் துண்டறிக்கைகளோடு பின்னாலேயே வந்தார், இறங்கவில்லை.

பதிவு மூடும் நாள் மாலை, அன்ரி என்னைக் கூப்பிட்டார். படிவம் ஃபிரிட்ஜில் இல்லை, மேசைமேல் இருந்தது. பெயர், பிறந்த தேதி, தொழில், கையெழுத்து எல்லாம் அங்கிளின் எழுத்து. முகவரி இடம் மட்டும் வெறுமை, அது இல்லாமல் படிவம் செல்லாது.

"அட்ரஸ் கேக்காத ஃபோர்ம் இருந்தாக் கொண்டு வாரும், பிள்ளை" என்றார் அங்கிள்.

அன்ரியின் கையில் பேனா இருந்தது. அந்த முகவரி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதப் பத்து விநாடி போதும். அன்ரி படிவத்தைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

வாக்களிப்பு தொடங்கிய அன்று அன்ரி தனியாகத்தான் போனார். அங்கிள் வாசலில் காரை நிறுத்திக் காத்திருந்தார். ஒரு வாக்குக் குறைந்தது. அது என் பிழையா என்று அன்ரியிடம் கேட்டேன்.

"தெரியேல்லையடி" என்றார். படிவம் மறுபடியும் ஃபிரிட்ஜில் இருந்தது, அதே காந்தத்தின் கீழ், பாதி நிரப்பியபடி.